கோணற்கால் குதிரைக்குட்டி

நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லை ஊர்களைக் கடந்து கீழைக் கடற்கரைக்குச் சென்றால், தாமிரபரணியின் கழிமுகத்தில் பழையகாயலைக் காண்கிறோம். 13ஆம் நூற்றாண்டில் அராபியக் குதிரைகள் வந்திறங்கிய பாண்டியர் துறைமுகம் அது. ஆண்டுக்கு 1,400 குதிரைகள், தலைக்கு 220 பொற்காசுகள், கடலில் இறந்தவற்றுக்கும் விலை என்று பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் எழுதிவைத்தார்.

அத்துணைப் பொன் ஈந்தவர்கள் இங்கேயே குதிரை வளர்த்தலாகாதா? உயர்சாதிக் குதிரைகளை இணைத்தாலும், ஏறுதற்கு உதவாத கோணற்கால் குட்டியே பிறந்தது என்கிறார் மார்க்கோ போலோ. நாட்டின் தட்பவெப்பமே காரணம் எனப் பலர் கருதினராம். குதிரைகளுக்குச் சோறும் இறைச்சியும் இட்டனர் என்பதையும் அவரே குறிக்கிறார்.

இன்றைய கால்நடை அறிவியல் குருதிவழியையும் தீனியையும் சேர்த்தே நோக்குகிறது. வளரும் குட்டியின் மூட்டுக் குருத்தெலும்பு சரிவர எலும்பாகாத நோய் ஒன்று உண்டு. அது பெற்றோர் வழியாகவும் வரும். தீனி மிகுந்து உடல் விரைந்து பெருப்பதாலும் முற்றும். தின்றது உடலில் சேரும் விதமோ குட்டிக்குக் குட்டி வேறுபடும். அரிசியிலும் இறைச்சியிலும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அது குறைந்தால் எலும்பு உரம் பெறாது.

பாண்டிநாட்டுக் குட்டிகளுக்கு இன்ன நோய்தான் என்று நாம் துணிந்து கூறோம். ஆயினும் மண்ணைப் பழிக்குமுன் தீனித்தொட்டியை நோக்கியிருந்தால், கடல் கடந்த பொன்னில் ஒரு பங்கேனும் இங்கே தங்கியிருக்கும் என எண்ணுகிறோம்.