சுழலுக்குள் அட்டவணை இணைப்பு
பைத்தான் மொழியின் பாண்டாஸ் நூலகத்தில், பல கோப்புகளின் தரவு அட்டவணைகளை ஃபார் சுழலுக்குள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்க்கும் முறை. எழுத எளிது, ஓட்டத்தான் நேரம் பிடிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அதுவரை சேர்ந்த வரிசைகள் அத்தனையும் புதிய நினைவகத்துக்கு நகலெடுக்கப்படுகின்றன. ஆயிரம் வரிசை கொண்ட 100 கோப்புகள் என்றால் கடைசியில் கிடைப்பது 1 லட்சம் வரிசை. வழியில் நகலாவதோ 50 லட்சத்துக்கும் மேல். இந்தப் பழக்கத்துக்கு இடம்கொடுத்த ‘அப்பெண்ட்’ செயல்முறை 2023இல் வந்த 2.0 பதிப்பில் நீக்கப்பட்டது. பழைய நிரல்கள் பல நின்றுபோனாலும் நல்ல முடிவுதான்.

சுழலுக்குள் அட்டவணைகளை ஒரு பட்டியலில் போட்டுவைத்து, வெளியே வந்ததும் ‘கான்கேட்’ கொண்டு ஒரே தடவையில் இணைப்பதே இன்றைய வழக்கம். அப்போது வரிசை எண்கள் கோப்புக்குக் கோப்பு மீண்டும் 0இலிருந்து தொடங்கும். ‘இக்னோர்_இண்டெக்ஸ்’ என்பதற்கு ‘ட்ரூ’ கொடுத்தால் தொடர்ச்சியாக எண்ணிடப்படும்.