சிறுவர், கட்டிளமைப் பருவத்தினரின் காசநோய்: மன்னார்க் கரையோரமும் அக்கரையும்

சிறுவர் காசநோய் என்பது 15 வயதுக்குட்பட்டோருக்கு வரும் காசநோயாகும். கட்டிளமைப் பருவம் 10 வயதில் தொடங்கி 19 வரை நீள்வதால், அப்பருவத்தினர் புள்ளிவிவரங்களில் பாதி சிறுவராகவும் பாதி வளர்ந்தவராகவும் பிரிக்கப்பட்டு வந்தனர். சிறு பிள்ளைக்குக் கிருமி பெரும்பாலும் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரின் இருமலிலிருந்தே தொற்றுகிறது. பிள்ளையின் நுரையீரலில் கிருமிகள் குறைவு; சளியைக் காறி எடுத்துக் கொடுக்கவும் அதற்குத் தெரியாது. சளிப் பரிசோதனையையே நம்பிய மருத்துவத்துக்கு இந்நோய் நெடுங்காலம் பிடிபடாமல் இருந்ததற்கு இதுவே காரணம்.

தொற்றிய பின் நோய் மூளும் ஆபத்து வயதுக்கு வயது மாறுபடும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில், தடுப்பு ஏதும் இல்லாதபோது, ஏறத்தாழ பாதிப்பேர் நோயுறுவர். அவர்களில் பலருக்கு அது மூளையுறைக்கோ உடல் முழுவதற்குமோ பரவும். 5 முதல் 10 வயது வரை ஆபத்து மிகக் குறைவு. பத்தைத் தாண்டியதும் அது மீண்டும் ஏறும். அப்போது வருவது பெரியவர்களுக்கு வரும் வகை. நுரையீரலில் குழி விழும், பிறருக்கும் தொற்றும்.

ரொபேட் கொக் 1882இல் கிருமியை இனங்கண்டபோது அதற்கு மருந்து இருக்கவில்லை. மருந்துக்கு முந்திய காலப் பதிவுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வொன்றின்படி, நோய் கண்டறியப்பட்ட சிறுவரில் 21.9 சதவீதத்தினர் இறந்தனர். ஐந்து வயதுக்குட்பட்டோரில் இது 43.6 சதவீதம். மருந்து வந்த பின்னான காலத்தில், சிகிச்சை பெற்ற சிறுவரிடையே இறப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

மன்னார்த் தீவு இந்நோயின் வரலாற்றில் ஒரு வழித்தடம். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் சேவை தொடங்கியது. தோட்டங்களுக்குச் செல்லும் தமிழகத் தொழிலாளரை அக்கரையில் மண்டபம் முகாமில் தடுத்துவைத்துப் பரிசோதித்தே இலங்கைக்கு அனுப்பினர். பிளேக், வாந்திபேதி, அம்மை ஆகியவற்றுக்கு அந்த ஏற்பாடு பொருந்தியது. ஆண்டுக்கணக்கில் உடலில் ஒளிந்திருக்கும் காசநோய்க்குச் சில நாள் கண்காணிப்பு எந்தத் தடையும் அல்ல.

காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி 1921இல் பாரிசில் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில், நச்சுக் கிருமி கலந்த மருந்தால் எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததால் அதன்மீது நெடுநாள் அச்சம் நிலவியது. இலங்கை 1949இல் அதை அறிமுகப்படுத்தியது. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பெரும் கள ஆய்வு, வளர்ந்தோரின் நுரையீரல் காசநோயை இத்தடுப்பூசி தடுக்கவில்லை என்று 1979இல் காட்டியது. எனினும் கைக்குழந்தைகளை மூளையுறைக் காசநோயிலிருந்து அது காப்பதால் கைவிடப்படவில்லை. இலங்கையில் பிறந்தவுடனேயே ஊசி போடப்படுகிறது; ஆறு மாதத்தின் பின்னும் தழும்பு தென்படாத பிள்ளைக்கு மறுபடி போடப்படும். சிறுவரின் மூளையுறைக் காசநோய் அங்கு அரிதாக இருப்பதற்குப் பிறந்தவுடன் ஊசி போடும் பழக்கமும் ஒரு காரணம்.

சிகிச்சையின் திருப்பம் சென்னையில் நிகழ்ந்தது. 1956இல் அங்கு நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வீட்டிலேயே மருந்து எடுத்தோரும் சனற்றோரியத்தில் இருந்தோரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்ததை 1959இல் வெளியிட்டது. நோயாளியை வீட்டில் வைத்திருந்ததால் குடும்பத்தினருக்கு, பிள்ளைகள் உட்பட, நோய் கூடுதலாக வரவில்லை என்பது அதைவிட முக்கியமான முடிவு. அவர்களுக்குத் தொற்று பெரும்பாலும் சிகிச்சை தொடங்குமுன்பே ஏற்பட்டிருந்தது. ஆனால் மூளையுறைக் காசநோய் மருந்துக்கும் எளிதில் மசியவில்லை. சென்னையில் சிகிச்சை பெற்ற 180 சிறுவர் பற்றி 1986இல் வெளியான ஆய்வில் 27 சதவீதத்தினர் இறந்தனர், 39 சதவீதத்தினருக்கு நரம்புப் பாதிப்பு எஞ்சியது. பிந்திக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளே அதிகம் இறந்தனர்.

காசநோய்க்கான ஆறு மாத மருந்தை முடிக்க ஆறு மாதம் ஓரிடத்தில் இருக்க வேண்டும். உள்நாட்டுப் போரின்போது மன்னாரில் அது எளிதாக இருக்கவில்லை. 1980களிலிருந்து படகேறி மண்டபம் சென்றோர், 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் சென்ற முஸ்லிம்கள், மடுவில் தஞ்சம் புகுந்தோர், 2008இல் மாந்தை மேற்கிலிருந்து வன்னிக்குள் நகர்ந்து 2009இல் செட்டிகுளம் முகாம்களை அடைந்தோர் என இடப்பெயர்வு தலைமுறைக் கணக்கில் நீடித்தது. நெரிசலான முகாமும் போசாக்கின்மையும் நோயைத் தூண்டுவன. சிகிச்சை அட்டை நோயாளியுடன் போகாவிட்டால் மருந்தும் நின்றுவிடும். போர் இல்லாத காலத்திலும் பருவத்துக்கு ஏற்பக் கரையோரத் தற்காலிக வாடிகளை மாற்றும் மீனவக் குடும்பங்களுக்கு இந்தச் சிக்கல் ஓரளவு உண்டு.

சிகிச்சை முடிவுகள் குணமடைந்தார், சிகிச்சையை முடித்தார், பலனளிக்கவில்லை, இறந்தார், தொடர்பு அறுந்தது என்று பதியப்படுகின்றன. சளியில் கிருமி காணப்படாத பிள்ளை நன்றாகத் தேறினாலும் ‘முடித்தார்’ என்றே எழுதப்படும். கண்டறியப்படாமலே இறந்த பிள்ளைக்கு இப்பதிவேட்டில் இடமே இல்லை. 2015இல் உலகில் 15 வயதுக்குட்பட்ட 2,39,000 பேர் காசநோயால் இறந்தனர் என்றும், அவர்களில் 96 சதவீதத்தினர் சிகிச்சையே பெறாதோர் என்றும் ஒரு மதிப்பீடு கூறுகிறது. ஆகவே பதிவேட்டின் உயர்ந்த வெற்றி வீதம் மட்டும் ஒரு மாவட்டத்தின் நிலையைச் சொல்லிவிடாது. இலங்கையில் ஆண்டுதோறும் பதிவாகும் ஏறத்தாழ 8,000 முதல் 9,000 நோயாளரில் சிறுவர் மிகச் சிறு பங்கினர். உலக அளவில் அவர்கள் பத்தில் ஒருவருக்கும் மேல். பி.சி.ஜி. இந்த இடைவெளியை ஓரளவே விளக்கும். கண்டறியப்படாமை மீதியில் ஒரு பகுதியை விளக்கக்கூடும்.

சிறுவருக்கான மருந்து நெடுங்காலம் பெரியவர் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதாகவே இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2010இல் அளவுகளைக் கூட்டியது. நீரில் கரையும், பழச்சுவையுள்ள கூட்டு மாத்திரை 2015 இறுதியில் வந்தது. கடுமையற்ற நோய்க்கு ஆறு மாதத்துக்குப் பதில் நான்கு மாதம் போதும் என்பதை, இந்தியாவிலும் மூன்று ஆபிரிக்க நாடுகளிலும் 1,204 சிறுவரிடம் நடந்த ஷைன் ஆய்வு 2022இல் நிறுவியது. சளிக்குப் பதில் மலத்தில் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனையும் பரிந்துரைக்கப்பட்டுள்ளது. கட்டிளமைப் பருவத்தினரில் பலருக்கு நுரையீரலில் குழி விழுந்திருப்பதால் ஷைன் முறை அத்தகையோருக்குப் பொருந்தாது. 12 வயதினருக்கும் அதற்கு மேற்பட்டோருக்கும் ரிஃபாபென்டினும் மொக்சிஃபுளொக்சசினும் சேர்ந்த வேறொரு நான்கு மாதச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.