ரஃபேல் மார்க்கெஸ்

ரஃபேல் மார்க்கெஸ் (பி. 1979) மெக்சிகோவின் புகழ்பெற்ற கால்பந்துத் தடுப்பாட்டக்காரர். மிச்சோவாகான் மாநிலத்தின் சமோரா நகரில் பிறந்த இவர், 1996இல் குவாதலஹாராவின் அட்லாஸ் அணியில் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கினார். 1999இல் மொனாக்கோ அணிக்குச் சென்று, முதல் பருவத்திலேயே பிரெஞ்சு லீக் பட்டம் வென்றார்.

2003 முதல் 2010 வரை பார்சிலோனாவில் ஆடிய காலமே இவரது உச்சம். பந்தைப் பறித்ததும் கண்மூடித்தனமாக உதைத்து விரட்டாமல், நீண்ட துல்லியமான கடத்தல்களால் தாக்குதலைத் தொடங்கிவைப்பது இவர் பாணி. தேவைப்பட்டபோது நடுக்களத்திலும் ஆடினார். நான்கு லா லீகா பட்டங்களும் இரண்டு சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளும் கிடைத்தன. 2006 இறுதியாட்டத்தில் களமிறங்கியவர், 2009 இறுதியாட்டத்தை முழங்கால் காயத்தால் தவறவிட்டார்.

அதன்பின் நியூயார்க் ரெட் புல்ஸில் கழிந்த ஆண்டுகள் சோபிக்கவில்லை. தாயகம் திரும்பி, லியோன் அணியுடன் அடுத்தடுத்து இரு லீக் பட்டங்கள் வென்றார். இத்தாலியின் வெரோனாவில் சிறிது காலம் ஆடிவிட்டு, மீண்டும் அட்லாஸுக்கே வந்தார்.

2002 முதல் 2018 வரை ஐந்து உலகக் கோப்பைகளில் மெக்சிகோவுக்குத் தலைமை தாங்கினார்; இச்சாதனையை முதலில் எட்டியவர் இவரே. 2006, 2010, 2014 தொடர்களில் கோலும் அடித்தார். 2018இல் ஓய்வு பெற்று, பின்னர் பயிற்சியாளரானார்.