முகாமடியில் வாகன ரிமோட் ஏன் வேலை செய்வதில்லை?

இராணுவ முகாமடியில் வாகன ரிமோட் வேலை செய்யாவிட்டால், 'எங்களைக் கண்காணிக்கிறார்கள்' என்ற எண்ணமே மன்னாரில் முதலில் வரும். பற்றரிக்குத் தடையிருந்த தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். அந்தச் சந்தேகத்தை நான் பிழை சொல்லமாட்டேன்.

ஆனால் காரணம் பெரும்பாலும் வேறு. ரிமோட் 315 அல்லது 433.92 மெகாஹேர்ட்ஸில், மிகக் குறைந்த சக்தியில் இயங்குகிறது. அருகில் வலுவான இராணுவ வானொலி பேசினால் அதன் சமிக்ஞை அமுங்கிவிடும். 2004இல் அமெரிக்காவின் புளோரிடாவில், எக்ளின் விமானப்படைத் தளம் புதிய வானொலித் தொகுதியைப் பரீட்சித்தபோது, சுற்றுவட்டார வீடுகளின் கராஜ் கதவுகள் ரிமோட்டுக்குத் திறக்கவில்லை. இரண்டும் 390 மெகாஹேர்ட்ஸை அண்டியவை.

கண்காணிப்பு அப்படியல்ல. ஒட்டுக்கேட்கப்படும் தொலைபேசி வழமைபோலவே வேலை செய்யும்.

தலைமன்னாரில் இந்திய வலையமைப்பு தொலைபேசியில் வந்து விழுவதும் முகாமின் வேலையல்ல. தனுஷ்கோடி சுமார் 30 கிலோமீற்றர்தான். கடல்மேல் ஈரக்காற்று அலைகளை வளைத்துத் தூரம் கொண்டுவரும். வலையமைப்பை நீங்களே தெரிவுசெய்து வைத்தால் ரோமிங் கட்டணம் ஏறாது.

ரிமோட் நின்றால் வாகனத்துக்கு மிக அருகில் பிடித்து அழுத்துங்கள், அல்லது சாவியைப் பாவியுங்கள். வேறிடத்திலும் வேலை செய்யாவிட்டால் பற்றரியை மாற்றிப் பாருங்கள். முகாமடியில் மட்டும் தொடர்ந்தால் நேரத்தையும் இடத்தையும் குறித்து, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.