வீட்டுக்காரரே மேசனுக்குக் கையாள்

2010 நவம்பர் 27 அன்று யாழ்ப்பாணம் அரியாலையில் ஓர் அடிக்கல் நாட்டு விழா நடந்தது. இந்திய வெளியுறவு அமைச்சர் எஸ். எம். கிருஷ்ணா வந்திருந்தார். யுத்தம் முடிந்து ஒன்றரை வருடம். அந்த ஆண்டு யூன் மாதம் இந்தியா அறிவித்த 50,000 வீடுகளில் முதல் 1,000 வீடுகளின் தொடக்கம் அது. கட்டும் பொறுப்பு ஒப்பந்தக்காரரிடம் இருந்தது. ஆயிரமும் முடிய 2012 யூலை ஆகிவிட்டது. அந்த வேகத்தில் மிச்சம் 49,000 வீடும் எப்போது எழும் என்று கணக்குப் பார்க்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. 2012 ஒக்டோபர் 2, காந்தி ஜெயந்தியன்று இரண்டாம் கட்டம் தொடங்கியபோது முறையே மாறியிருந்தது. காசு நேராக வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போகும். வீட்டை அவரே கட்டுவார்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இது புதிய ஏற்பாடு அல்ல. ஓடும் சீமெந்தும் பரவலாகுமுன் இங்கே பெரும்பாலான வீடுகள் மண்சுவரும் ஓலைக்கூரையுமாகத்தான் இருந்தன. பனை வளையும் சலாகையும் வளவிலிருந்தே வரும். ஐப்பசி மழைக்கு முன் கூரை மேய்ந்துவிட வேண்டும். பழைய ஓலையை இறக்க ஒருவர், கீழிருந்து எடுத்துக் கொடுக்க ஒருவர், மேலே இருந்து கட்ட இருவர் என்று அயலட்டை கூடும். கூலி இல்லை, வீட்டுக்காரர் சாப்பாடு கொடுப்பார், அடுத்த கிழமை அவர்கள் வீட்டுக் கூரைக்கு இவர் போவார். இதைக் கிராமத்து ஒற்றுமை என்று மெச்சி எழுதுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அந்தக் கை மாற்று பெரும்பாலும் சாதி எல்லைக்குள்ளேயே நின்றது. எல்லை தாண்டி வந்த உழைப்புக்குக் கைம்மாறு கிடைக்கவில்லை.

1950இல் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. கல்வீடு நடுத்தரக் குடும்பங்களின் இலக்கானது. பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுக்கும் வழக்கம் அந்த இலக்கை இன்னும் இறுக்கியது; 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமைச் சட்டத்திலேயே சீதனம் பெண்ணின் தனிச்சொத்து. அண்ணன்மார் கொழும்பிலும் பின்னர் வெளிநாட்டிலும் உழைத்து அனுப்ப, ஊரில் தங்கைக்கு அத்திவாரம் வெட்டப்படும்.

தெற்கில் வேறொரு கதை நடந்தது. 1984இல் பிரதமர் ரணசிங்க பிரேமதாச பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தைத் தொடங்கினார். அரசாங்கம் சிறு கடன் கொடுக்கும், குடும்பம் கட்டிக்கொள்ளும் என்பதுதான் அதன் சாரம். வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக 1987ஐ ஐ.நா. அறிவித்ததும் அவருடைய யோசனைதான். வடக்கிலோ அப்போது யுத்தம் மூண்டிருந்தது. 1990இல் சீமெந்து ஆலை மூடப்பட்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குச் சீமெந்தும் இரும்பும் போகத் தடை வந்தது. வலிகாமம் வடக்கு மக்கள் அதே ஆண்டில் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். இருபது வருடங்களுக்குப் பிறகும் அவர்கள் தங்கிய கோணப்புலம் முகாமில் கொட்டில்கள் இருந்தன.

அடிக்கல் விழாக் காலத்து உதவித் திட்டங்களில் இருவிதச் சிந்தனைகள் சந்தித்தன. ஒன்று தொண்டர்கள் கட்டும் வீடு. 1976இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் மிலார்ட், லிண்டா ஃபுல்லர் தம்பதியினர் தொடங்கிய ஹபிடாட் ஃபோர் ஹியூமானிட்டி இதற்குப் பெயர்போனது. வீடு பெறப்போகும் குடும்பமும் முன்பின் அறியாத தொண்டர்களும் சேர்ந்து சுவர் எழுப்புவார்கள். முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரே சுத்தியலோடு நின்றவர். ஹபிடாட் 1994 முதல் இலங்கையிலும் இயங்கியது. மற்றது, சுனாமிக்குப் பின் அரசாங்கமும் உலக வங்கியும் வடகிழக்கில் நடைமுறைப்படுத்திய தவணைக் காசு முறை.

இந்திய வீட்டுத் திட்டம் இரண்டாவதைத் தேர்ந்தது. ஐ.நா. மனிதக் குடியிருப்பு நிறுவனம், செஞ்சிலுவை, ஹபிடாட், தேசிய வீடமைப்பு அதிகார சபை ஆகியன மேற்பார்வை பார்த்தன. புது வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், திருத்த வேலைக்கு இரண்டரை இலட்சம். வேலை நகர நகரக் காசு வரும்.

அக்காலத்தில் எந்தக் காணிக்குள் போனாலும் காட்சி ஒன்றுதான். தகரக் கொட்டிலுக்கு முன்னால் மணல் குவியல், பக்கத்தில் கல் அரியும் அச்சு. மேசனுக்குக் கூலி கொடுக்கலாம், கல்லுக்குக் காசு கொடுக்கக் கட்டாது. ஆகவே வீட்டிலுள்ளவர்களே அரிவார்கள். கலவையில் தண்ணீர் கூடினால் அச்சை எடுக்கும்போதே கல் சரிந்துவிடும். அரிந்ததை நிழலில் வைத்து மறுநாளிலிருந்து காலையும் மாலையும் நனைக்க வேண்டும்; வெயிலில் காய விட்டால் மூலை உதிரும். மலசலகூடக் குழி வெட்டினால் அலவாங்கு சுண்ணாம்புக் கல்லில் முட்டும். கணவனை இழந்த பெண்கள் மேசனுக்குக் கலவை குழைத்துக் கொடுத்தார்கள், கடகத்தில் மண் சுமந்தார்கள். வந்து பார்த்த தொழில்நுட்ப அலுவலர்களிடம் அடுத்த தவணைக்காக வாதாடியதும் அவர்களேதான்.

ஆனால் ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே நேரத்தில் எழும்பியதில் மணலும் மரமும் விலையேறின, மேசன்மார் கிடைப்பதே அரிதானது. ஐந்தரை இலட்சம் போதவில்லை. பலர் ஒரு அறை கூட்டிக் கட்டவும் ஆசைப்பட்டார்கள்; அந்த ஆசையைக் குறை சொல்ல முடியாது. நகை அடகுக்குப் போனது. காணி உறுதி இல்லாதவர்களும் காணியே இல்லாதவர்களும் பயனாளிகளைத் தெரிந்த புள்ளிப் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். முகாம்களில் கடைசிவரை தங்கியவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் அதிகமாக இருந்தது தற்செயல் அல்ல. சொந்தக்காரரே கட்டும் முறை நல்ல முறைதான். ஆனால் சொந்தக்காரராக இருப்பதுதான் அதன் முதல் நிபந்தனை.

கட்டிக் கொடுக்கும் முறையும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. 2016இல் கீரிமலை நல்லிணக்கபுரத்தில் இராணுவத்தினர் கட்டிய 100 வீடுகள் கையளிக்கப்பட்டன. இதே இராணுவம் வைத்திருந்த காணிகளின் சொந்தக்காரர்களில் பலர் அப்போதும் இடம்பெயர்ந்துதான் இருந்தார்கள். அதே காலத்தில் ஆர்செலர் மித்தல் நிறுவனத்தின் 65,000 இரும்பு வீடுகள் வடகிழக்குக்கு வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. ஒன்றின் விலை ஏறக்குறைய இருபத்தொரு இலட்சம் ரூபாய். அதில் பாதிக் காசில் கல்வீடு கட்டலாம், காசு ஊர் மேசனிடமே தங்கும் என்று பொறியியலாளர்களும் பொருளியலாளர்களும் எழுதிக் குவித்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் படுக்க முடியுமா என்ற கேள்விக்கு அமைச்சர்கள் கடைசிவரை சரியான பதில் சொல்லவில்லை.

பிரேமதாசவின் மகன் சஜித் வீடமைப்பு அமைச்சராக இருந்தபோது மாதிரிக் கிராமங்கள் என்ற பெயரில் தவணைக் காசு மறுபடியும் வந்தது. 2019 நவம்பரில் ஆட்சி மாறியதும் தவணைகள் நின்றுபோயின. முதல் தவணையை நம்பிக் கொட்டிலைப் பிரித்தவர்கள் அத்திவாரத்தோடும் அரைச்சுவரோடும் நின்றார்கள். கூரை போட்டவர்கள் வட்டிக்கு வாங்கித்தான் போட்டார்கள். 2022 நெருக்கடியில் ஒரு மூட்டைச் சீமெந்தின் விலை 3,000 ரூபாயை எட்டியபோது, மிச்சத் தவணை கேட்டு அவர்கள் வீடமைப்பு அதிகார சபைக்கு இன்னும் மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.