கோழிவலை ஆன்டெனாவும் கல்வித் தொலைக்காட்சியும்

ஆன்லைன் கிளாஸ்னு சொன்னதும் நம்ம எல்லாருக்கும் 2020தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா எங்கேயோ இருக்கிற வாத்தியாரை ஒரு திரை வழியா கிராமத்துக்குக் கொண்டு வர்ற யோசனைக்கு நம்ம நாட்டுல அம்பது வயசுக்கு மேல ஆகுது. அந்தக் கதையை எங்க ஊத்தங்கரையில உக்காந்து பாத்தா எப்படி இருக்கும்னு யோசிச்சதோட விளைவுதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க :-)

முதல்ல ஊர் பத்தி ரெண்டு வரி. 2004 பிப்ரவரி வரைக்கும் நாங்க தர்மபுரி மாவட்டம், அப்புறம்தான் கிருஷ்ணகிரி. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டோட எழுத்தறிவு 80.09%, எங்க மாவட்டத்துல 71.46%. ஆனா 2017-ல ரேங்க் பட்டியலை நிறுத்துற வரைக்கும், பொதுத்தேர்வு ரிசல்ட் அன்னிக்கு ஊத்தங்கரை பேர் டிவியில அடிக்கடி வரும். அதுக்குக் காரணம், பணம் கட்டி விடுதியில தங்கிப் படிக்கிற தனியார் பள்ளிகள். அந்தக் காம்பவுண்டுக்கு வெளிய இருக்கிற பசங்க எட்டாவதோட நின்னு, மாந்தோப்புக்கோ ஓசூருக்கோ வேலைக்குப் போவாங்க. ரெண்டும் ஒரே தாலுக்காதான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

1969-ல விக்ரம் சாராபாய் காலத்துல இந்தியா நாசாவோட ஒரு ஒப்பந்தம் போட்டது. அவங்களோட ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை ஒரு வருஷத்துக்கு இரவல் வாங்கி, கிராமங்களுக்கு நேரடியா டிவி காட்டுறதுதான் திட்டம். 'சைட்'னு பேரு. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரைக்கும், ஆறு மாநிலங்கள்ல 2,400 கிராமங்கள். மூணு மீட்டர் அகலத்துக்கு ஆன்டெனா, அதுவும் கோழிக்கூண்டு அடிக்கிற கம்பிவலையில செஞ்சது! காலையில பள்ளிப் பசங்களுக்கு ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் பெரியவங்களுக்கு விவசாயம், சுகாதாரம். விடுமுறையில அதே டிவியை வெச்சு கிராமத்து வாத்தியார்களுக்கு அறிவியல் பயிற்சி வேற குடுத்தாங்க.

இதுல ஒரு வேடிக்கை. சென்னையில தூர்தர்ஷன் ஆரம்பிச்சது 1975 ஆகஸ்ட் 15. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே கர்நாடகாவுல ராய்ச்சூர், குல்பர்கா, பீஜப்பூர் பக்கத்துக் கிராமங்கள் செயற்கைக்கோள் டிவி பாத்துட்டாங்க. அந்த ஆறு மாநிலத்துல தமிழ்நாடு இல்ல. இந்தி, கன்னடம், தெலுங்கு, ஒரியா மொழிகள்லதான் நிகழ்ச்சி. கொழும்புல இருந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் வீட்டுக்குக்கூட இஸ்ரோகாரங்க போய் ஒரு ஆன்டெனா மாட்டிக் குடுத்தாங்க. நமக்குத்தான் கொடுப்பினை இல்ல :-(

ஒரு வருஷம் முடிஞ்சதும் நாசா செயற்கைக்கோளைத் திருப்பி எடுத்துக்கிட்டாங்க. சொந்தமா கல்விக்குன்னே ஒண்ணு வர்றதுக்கு 2004 செப்டம்பர் 20 வரைக்கும் காத்திருந்தோம். அதுதான் எடுசாட். மறுபடியும் நம்ம எல்லைக்கு அந்தப் பக்கம், சாம்ராஜ்நகர் மாவட்டத்துத் தொடக்கப் பள்ளிகள்ல அது நல்லாவே ஓடுச்சு. 2010-ல அதோட ஆயுசும் முடிஞ்சது.

இதுக்கு நடுவுல, 2003-ல ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து என்பிடெல் ஆரம்பிச்சாங்க. ஐஐடி வாசலை மிதிக்காதவனும் ஐஐடி வாத்தியார்கிட்ட பாடம் கேக்கலாம். நான் இன்ஜினியரிங் படிச்சப்போ ஒரு முக்கியமான பாடத்துக்குப் பாதி செமஸ்டர் வரைக்கும் ஆளே வரல. என்பிடெல் வீடியோவைப் பென்டிரைவ்ல ஏத்திட்டு வந்து ஹாஸ்டல்ல நாலு பேரா உக்காந்து பாத்துதான் பாஸ் பண்ணோம். ஆனா ஒண்ணு, அந்த இங்கிலீஷைப் புரிஞ்சுக்கவும், கம்ப்யூட்டர் வெச்சிருக்கவும், நிறுத்தி நிறுத்தி நமக்குள்ள விளக்கிக்கவும் முடிஞ்சவங்களுக்குத்தான் அது உதவுச்சு. ஏற்கெனவே பாதி ஏணி ஏறினவங்களுக்கு மீதி ஏணி.

தமிழ்நாடு அரசு தன் பங்குக்கு நிறையவே செஞ்சது. 2011 செப்டம்பர்ல இலவச லேப்டாப். 2018-ல வந்த புதுப் பாடப்புத்தகத்துல க்யூஆர் கோடு. 2019 ஆகஸ்ட் 26-ல கல்வித் தொலைக்காட்சி. அதனால கொரோனா வந்தப்போ நாம வெறுங்கையோட நிக்கல. 2020 ஜூலையில பாடங்கள் டிவியில ஒழுங்கா வர ஆரம்பிச்சது. நாற்பத்தஞ்சு வருஷம் கழிச்சு, சைட் கனவு தமிழ்ல நடந்தது!

அந்த வருஷம் நான் பெங்களூருலேர்ந்து ஊருக்கு வந்து, சிக்னலுக்காக மொட்டைமாடியில உக்காந்து வேலை பாத்துட்டு இருந்தேன். எங்க தெருவுல ஒன்பதாவது படிக்கிற ஒரு பொண்ணு, அரசுப் பள்ளி. வீட்டுல இருக்கிற ஒரே ஃபோன் அவங்க அப்பாவோடது. அவர் ஓசூர்ல கட்டட வேலை, சனிக்கிழமை ராத்திரிதான் வருவார். வாரம் பூரா வாட்ஸப்ல வந்த பாடத்தை அது ஞாயித்துக்கிழமை ஒரே நாள்ல நோட்டுல எழுதி எடுக்கும். "டிவியிலதான் பாடம் வருதேம்மா"ன்னு கேட்டேன். "வருதுண்ணா. டிவிகிட்ட எப்படிண்ணா டவுட் கேக்கறது?"ன்னுச்சு. என்கிட்ட பதில் இல்ல.

அது எங்க தெரு கதை மட்டும் இல்ல. 2021 அசர் ஆய்வுல, நாட்டுல 67.6% பசங்க வீட்டுல ஸ்மார்ட்ஃபோன் இருந்தது. ஆனா அப்படி இருந்த வீடுகள்லயே 26.1% பசங்க கைக்கு அது போகவே இல்ல. பொருள் வீட்டுக்கு வர்றது வேற, பிள்ளைங்க கைக்கு வர்றது வேற.

அப்புறம் வந்ததுதான் இல்லம் தேடிக் கல்வி. 2021 அக்டோபர்ல விழுப்புரம் மாவட்டத்துல தொடங்கினாங்க. முதல்ல எடுத்த 12 மாவட்டங்கள்ல கிருஷ்ணகிரியும் ஒண்ணு. சாட்டிலைட்டும் இல்ல, ஆப்பை நம்பியும் இல்ல. அதே தெருவுல படிச்ச ஒருத்தர், பெரும்பாலும் பொண்ணுங்க, மாசம் ஆயிரம் ரூபாய்க்கு, சாயங்காலம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் திண்ணையிலயோ கோயில் வாசல்லயோ சொல்லிக்குடுத்தாங்க. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ மூணு பேரும் தமிழக கிராமங்கள்ல சுமார் 19,000 குழந்தைகளைச் சோதிச்சுப் பாத்தாங்க. பள்ளி திறந்த ஆறு மாசத்துல, விட்டுப்போன படிப்புல மூணுல ரெண்டு பங்கு மீண்டிருந்தது. அப்படி மீண்டதுல 24% இந்தத் திட்டத்தால வந்ததுன்னு கணக்குச் சொன்னாங்க. வசதி கம்மியான வீட்டுப் பசங்கதான் அதிகமா வந்தாங்களாம்.

நான் சாஃப்ட்வேர் எழுதிப் பொழைக்கிறவன், அதனால திரைக்கு எதிரா பேசறேன்னு நினைக்காதீங்க. என்பிடெல் இல்லாட்டி நான் அந்தப் பேப்பர்ல அரியர்தான். ஆனா இந்த அம்பது வருஷத்தையும் வரிசையா அடுக்கிப் பாத்தா எனக்குத் தோணுறது இதுதான். பாடத்தை அனுப்புற வேலையை நாம ஒவ்வொரு தலைமுறையும் இன்னும் நல்லா செஞ்சுட்டோம். கேள்வியைத் திருப்பி வாங்குற வேலைக்குத்தான் இன்னும் ஆள் தேவைப்படுது. இப்போ ஏஐ வாத்தியார் வந்தாச்சு, அது டவுட்டுக்கும் பதில் சொல்லுதுங்கறாங்க. நல்லது. ஆனா அந்த ஃபோன் சனிக்கிழமை வரைக்கும் ஓசூர்லயே இருந்தா?

கடைசியா ஒரு வேண்டுகோள். கர்நாடகா, ஆந்திரா பக்கம் சொந்தபந்தம் இருக்கிறவங்க, 1975-ல கோழிவலை ஆன்டெனா பாத்த பெரியவங்க யாராவது இருந்தா அவங்ககிட்ட கேட்டு எழுதி வைங்க. அவங்களுக்கெல்லாம் இப்போ அறுபதுக்கு மேல ஆகியிருக்கும்.