பிரான்சின் மலைச் சாலைகள்: அமைதிக்கு முந்தைய வரலாறு

பிரான்சின் நடு மலைநாட்டிலும் அதன் தென்கிழக்குச் சரிவுகளிலும் மிதிவண்டியில் செல்வோர் வியந்து குறிப்பிடும் செய்தி ஒன்றுண்டு: சாலைகள் நன்றாக இருக்கின்றன, ஆனால் அவற்றில் வண்டிகளைக் காண்பதே அரிது. கணவாய்க்குக் கணவாய் ஏறி இறங்கும் ஒடுங்கிய தார்ச்சாலை, இருபுறமும் கஷ்கொட்டை மரங்கள், கதவடைத்த கல்வீடுகள். சுற்றுலா எழுத்துகள் இவ்வமைதியை இயற்கையின் கொடையாகக் கொண்டாடுகின்றன. ஆனால் ஆளில்லாத இடத்துக்கு எவரும் சாலை போடுவதில்லை. இத்தனை சாலைகள் அங்கு ஏன் உள்ளன, அவற்றில் செல்ல வேண்டியவர்கள் எங்கே போயினர் என்பவை வரலாறு விடை கூற வேண்டிய வினாக்கள்.

முதல் வினாவுக்கான விடை 1836 மே 21ஆம் நாள் பிறந்த சட்டத்தில் இருக்கிறது. அதுவரை அரசின் கவனம் பெரிதும் பாரிசிலிருந்து விரிந்த பெருவழிகளின்மேல் இருந்தது. மலையூரிலிருந்து சந்தைக்குச் செல்லும் வழி பல இடங்களில் பொதிவிலங்குகளின் தடமாகவே கிடந்தது. புதிய சட்டம் 'ஷெமேன் விசினால்' எனப்பட்ட ஊர்வழிகளை அமைத்துப் பேணும் பொறுப்பை ஊராட்சிகளுக்கு அளித்தது. 'விசினால்' என்ற அடைமொழி, சிற்றூரைக் குறிக்கும் 'விகுஸ்' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. வருவாய் போதாத ஊராட்சி மக்களின் உழைப்பையே வரியாகப் பெறலாம். நேரடி வரிப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு குடும்பமும், 18 முதல் 60 வயது வரையுள்ள உடல்வலு மிக்க ஆண் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு மூன்று நாள் வரை உழைப்புத் தர வேண்டும். வண்டிகளுக்கும் இழுவை விலங்குகளுக்கும் இதேபோன்ற கணக்கு உண்டு. விரும்புவோர் உழைப்புக்கு ஈடாகப் பணம் கட்டலாம்.

சட்டம் இவ்வுழைப்புக்குச் சூட்டிய பெயர் கவனத்துக்குரியது. தமிழ்க் கல்வெட்டுகள் 'வெட்டி' எனக் குறிக்கும் ஊதியமில்லாக் கட்டாய உழைப்புக்குப் பிரெஞ்சில் 'கொர்வே' என்று பெயர். 'வேண்டிப் பெறப்பட்டது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது. வேண்டுகோள் கட்டளையாக மாறிய கதை அச்சொல்லின் வரலாற்றிலேயே பதிந்துள்ளது. சாலைப் பணிக்கான அரச கொர்வேயை 1776இல் அமைச்சர் துர்கோ ஒழித்தார். அவர் பதவி இழந்ததும் அது மீண்டது. 1787இல்தான் அது பணவரியாக மாற்றப்பட்டது. மக்கள் வெறுத்த அச்சொல்லை 1836ஆம் ஆண்டுச் சட்டம் கையாளவில்லை. 'அளிப்பு' என்னும் பொருள் தரும் 'பிரெஸ்தாசியோன்' என்ற சொல்லைக் கையாண்டது. பெயர் மென்மையானது, கூடையும் மண்வெட்டியும் மாறவில்லை. கையில் பணமுள்ளவர் தொகையைச் செலுத்தி விலகிக்கொள்ள முடிந்தது. பணமில்லாதவர் தம் கைகளையே தந்தார். ஊராட்சி மன்றங்கள் இம்முறைக்கு மாற்றாகப் பணவரி விதித்துக்கொள்ள 1903ஆம் ஆண்டுச் சட்டமே இடமளித்தது.

இன்றைய மிதிவண்டியாளர் போற்றும் வளைவுகளும் அக்காலத்தின் கணக்குகளே. இச்சாலைகள் மாட்டையும் குதிரையையும் எண்ணிக் கோலப்பட்டவை. பாரமேற்றிய வண்டியை விலங்கு மூச்சு வாங்காமல் இழுத்துச் செல்ல வேண்டுமெனில் சாலை செங்குத்தாக ஏறலாகாது. மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றியே உயர வேண்டும். விலங்கின் வலுவுக்கு ஏற்ற அந்தச் சரிவு, பின்னாளில் மனிதக் கால்களின் வலுவுக்கும் ஏறத்தாழப் பொருந்தியது.

ஆயினும் ஒற்றைப் பற்சக்கர விகிதம் கொண்ட மிதிவண்டியில் மலையேறுவது வலிமை மிக்க சிலருக்கே இயன்றது. இந்நிலை மாறப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர் போல் த விவி. 1853இல் பிறந்த இவர் சேந்த் எத்தியென் நகரில் பட்டு வணிகராக இருந்தார். பின்னர் அத்தொழிலை விட்டு மிதிவண்டி வணிகத்தில் இறங்கி, 1887இல் ஓர் இதழைத் தொடங்கினார். 'லெ சிக்லிஸ்த்' என அறியப்பட்ட அவ்விதழில் 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதினார். பந்தயத்தினின்று பிரித்து, ஊர்காணும் மிதிவண்டிப் பயணத்தைச் சுட்டும் 'சிக்லோதூரிஸ்ம்' என்ற சொல்லைப் பரப்பியவரும் அவரே. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில், சரிவுக்கேற்பப் பற்சக்கர விகிதத்தை மாற்றும் பல அமைப்புகளை அவரும் அவரைச் சூழ்ந்தோரும் நகருக்குத் தெற்கேயுள்ள 1,161 மீட்டர் உயரக் 'கோல் த லா ரெப்யூப்ளிக்' கணவாயில் ஏறி இறங்கிச் சோதித்தனர்.

1903இல் நடந்த முதல் 'தூர் த பிரான்ஸ்' பந்தயமும் இதே கணவாயைக் கடந்தது. ஆனால் பந்தயத்தை நிறுவிய ஆன்றி தெகிராஞ்சின் எண்ணம் வேறு. மலையை வெல்ல வேண்டியது தசை. பொறி அதற்குத் துணைபோவது வீரத்துக்கு இழுக்கு என்று அவர் கருதினார். பல விகிதப் பற்சக்கரங்கள் முதியோருக்கும் வலுவற்றோருக்கும் உரியவை என்ற ஏளனம் பந்தய உலகில் நிலவியது. சங்கிலியைச் சக்கரத்துக்குச் சக்கரம் மாற்றும் கருவியை அப்பந்தயம் 1937இல்தான் ஏற்றது. போல் த விவி அதைக் காண உயிரோடு இல்லை. 1930இல் அவர் தம் நகரிலேயே டிராம் வண்டி மோதி இறந்திருந்தார். ஏளனத்துக்கு உள்ளான கருவியோ மலைச் சாலையைச் சாதாரண மக்களுக்குத் திறந்துவிட்டது. 1936இல் மக்கள் முன்னணி அரசு உழைப்பாளருக்கு ஆண்டுக்கு இரு வாரம் ஊதியத்துடன் விடுப்பு வழங்கியது. இருவர் மிதிக்கும் டாண்டம் வண்டியில் நகரை நீங்கிச் செல்லும் இணையர் அக்கோடையின் அடையாளச் சித்திரம் ஆயினர்.

நகரத்தார் மலையை நோக்கி வரத் தொடங்கிய காலத்தில் மலைநாட்டார் கீழிறங்கி வெகுகாலம் ஆகியிருந்தது. போல் த விவி வணிகம் செய்த பட்டே அவ்விடப்பெயர்வின் ஒரு காரணத்தைக் கூறும். அவர் பிறந்த 1853இல் பிரான்சின் பட்டுக்கூடு விளைச்சல் ஏறத்தாழ 26,000 டன். பட்டுப்புழு நோய் பரவியதால் 1865இல் அது 4,000 டன் அளவுக்குச் சரிந்தது. அந்நோயை ஆராய லூயி பாஸ்தர் செவென் மலையடிவாரத்து அலே நகருக்கு அனுப்பப்பட்டதும் அவ்வாண்டில்தான். அடுத்து ஒட்டுண்ணிப் பூச்சியால் திராட்சைத் தோட்டங்கள் பட்டன. கஷ்கொட்டை மரங்களையும் நோய் தாக்கியது. சுரங்கங்களும் ஆலைகளும் இரயில் பாதைகளும் ஆள் தேடின. முதல் உலகப்போர் 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர்களைக் கொண்டுபோயிற்று; சிற்றூர்தோறும் நிற்கும் நினைவுத்தூண்களில் அவர்களின் பெயர்களைக் காணலாம். 1861இல் 3,88,000ஐத் தாண்டியிருந்த ஆர்தேஷ் மாவட்டத்தின் மக்கள்தொகை 1962இல் 2,50,000க்கும் கீழே வந்தது. 1881இல் ஏறத்தாழ 1,43,000 பேர் வாழ்ந்த லொசேரில் 1975இல் எஞ்சியவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல ஊரார் தம் உழைப்பால் அமைத்த வழியிலேயே அவர்களின் பிள்ளைகள் நகரங்களுக்குச் சென்றனர்.

மக்கள் சென்றபின்னும் சாலைகள் மறையவில்லை. ஊர்வழிகளுள் முக்கியமானவை காலப்போக்கில் மாவட்டச் சாலைகள் ஆயின. 1970களில் பல்லாயிரம் கிலோமீட்டர் தேசியச் சாலைகளும் மாவட்டங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. தொலைதூரப் போக்குவரத்தை விரைவுச் சாலைகள் ஈர்த்துக்கொண்டன. இன்று நாட்டின் 10 இலட்சம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகளில் மிகப் பெரும்பகுதி மாவட்டங்களின், ஊராட்சிகளின் பொறுப்பில் உள்ளது. வாழ்வோர் சில நூறாகச் சுருங்கிய ஊராட்சிகளும் தம் பங்குச் சாலைகளைப் பேணியாக வேண்டும். அச்சாலைகளால் இன்பம் பெறுவோரில் பலர் அவ்வூர்களுக்கு வரி செலுத்துவோர் அல்லர்.

இவ்வமைதியைத் துய்ப்பது பிழையன்று. அதை 'மனிதக் கை படாத நிலம்' என வருணிப்பதுதான் பிழை. அங்கே ஒவ்வொரு வளைவிலும் மனிதக் கைகள் பட்டுள்ளன. கணவாயில் போல் த விவிக்கு நினைவுக்கல் உண்டு. ஆண்டுக்கு மூன்று நாள் கல் சுமந்தவர்களின் பெயர்களையோ ஊராட்சிகளின் உழைப்புப் பதிவேடுகளில்தான் தேட வேண்டும். மிதிவண்டியின் வரலாற்றைக் கருவியிலிருந்து மட்டுமன்றி, அது உருளும் சாலையிலிருந்தும் எழுதத் தொடங்கினால் அப்பதிவேடுகளும் நம் சான்றுகள் ஆகும்.